இன்டு தி உட்ஸ்: "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கும் தேவதைக் கதைப் படம்

அறிமுகம்

'இன்டு தி உட்ஸ்' 2014 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவில் வெளியான இசைக் கற்பனைத் திரைப்படம். தலைப்பைத் தமிழில் 'காட்டுக்குள்ளே' என்று சொல்லலாம். வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் தயாரிப்பான இப்படத்தை இயக்கியவர் ராப் மார்ஷல். 'சிகாகோ' (2002) என்ற இசைப் படத்தை இயக்கியவரும் இவரே. இசையும் பாடல் வரிகளும் ஸ்டீபன் சோண்ட்ஹைமுடையவை. திரைக்கதை ஜேம்ஸ் லபைனுடையது.

சிண்ட்ரெல்லா, சிவப்பு மேலங்கிச் சிறுமி, ராபுன்செல், ஜாக்கும் அவரைக்கொடியும் ஆகிய நான்கு பழைய கதைகள் இப்படத்தில் ஒரே காட்டுக்குள் வந்து சேர்கின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டும் கயிறாக ஐந்தாவது கதை ஒன்று உண்டு. பிள்ளை இல்லாத ஒரு ரொட்டிக்கடைக்காரரும் அவர் மனைவியும் அதன் நாயகர்கள். இந்த ஐந்தாவது கதை பழைய நூல் எதிலும் இல்லை, நாடகத்துக்காகவே புனையப்பட்டது.

பல தேவதைக் கதைகளைக் கலந்து எடுத்த படங்கள் இதற்கு முன்பும் உண்டு. 'ஷ்ரெக்' (2001) பழைய கதைமாந்தர்களைக் கேலி செய்து சிரிக்க வைத்தது. 'என்சான்டட்' (2007) ஒரு தேவதைக் கதை இளவரசியை இன்றைய நியூயார்க்கில் கொண்டுவந்து விட்டது. 'இன்டு தி உட்ஸ்' இவற்றிலிருந்து வேறுபடும் இடம் ஒன்று உண்டு. கதை முடிந்த பிறகு என்ன ஆயிற்று என்று அது கேட்கிறது. நல்ல கேள்வி. அதற்குப் படம் தரும் விடை முழுமையானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மேடையிலிருந்து திரைக்கு

சோண்ட்ஹைமும் லபைனும் உருவாக்கிய இந்த இசை நாடகம் முதலில் 1986-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் உள்ள ஓல்டு குளோப் அரங்கில் மேடையேறியது. 1987 நவம்பர் 5 அன்று நியூயார்க்கின் பிராட்வேக்கு வந்தது. 1988-இல் சிறந்த இசை, சிறந்த நாடகப் பனுவல், சிறந்த நடிகை என்ற மூன்று டோனி விருதுகளைப் பெற்றது. நடிகை விருது, ரொட்டிக்கடைக்காரரின் மனைவியாக நடித்த ஜோவன்னா கிளீசனுக்குக் கிடைத்தது.

நாடகம் இரண்டு பகுதிகள் கொண்டது. முதல் பகுதியில் எல்லோருடைய ஆசையும் நிறைவேறுகிறது. பாட்டும் கொண்டாட்டமுமாகத் திரை விழுகிறது. இடைவேளையில் கதை முடிந்துவிட்டது போலவே பார்வையாளருக்குத் தோன்றும். திரை மீண்டும் உயரும்போது அதே மனிதர்கள் மீண்டும் குறைபட்டுக்கொண்டு நிற்பார்கள். கிடைத்தது போதவில்லை. அதற்குமேல் வானத்திலிருந்து ஓர் ஆபத்தும் இறங்கி வருகிறது.

அமெரிக்கப் பள்ளிகளில் இந்நாடகம் பெருமளவில் நடிக்கப்படுகிறது. சிறுவர்களுக்கென ஒரு சுருக்கப் பதிப்பும் உண்டு. அந்தப் பதிப்பில் முதல் பகுதி மட்டுமே இருக்கிறது. அதாவது, அதில் நடிக்கும் சிறுவர்களுக்கு 'எல்லோரும் சுகமாக இருந்தார்கள்' என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. நாடகத்தின் இரண்டாம் பகுதி எந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்கிறதோ அதே பழக்கம்தான் இது. இதைப் படிக்கும் மாணவர்கள் இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் படத்தைப் பற்றிப் பேசும்போது இது உதவும்.

கதைச் சுருக்கம்

ரொட்டிக்கடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் குழந்தை இல்லை. பக்கத்து வீட்டுச் சூனியக்காரி ஒருநாள் கடைக்குள் புகுந்து அதற்குக் காரணம் சொல்கிறாள். பல ஆண்டுகளுக்கு முன் ரொட்டிக்கடைக்காரரின் தந்தை அவள் தோட்டத்தில் கீரையைத் திருடினார். கூடவே அவளுடைய மந்திர அவரை விதைகளையும் எடுத்துக்கொண்டார். கீரைக்கு ஈடாக அந்த வீட்டில் பிறந்த பெண் குழந்தையைச் சூனியக்காரி எடுத்துக்கொண்டாள். அந்தக் குழந்தைதான் ராபுன்செல். விதைகள் தொலைந்ததால் சூனியக்காரி தன் அழகை இழந்தாள். அந்தக் கோபத்தில் அக்குடும்பத்துக்கு வாரிசு இல்லாமல் போகச் சபித்தாள்.

சாபம் நீங்க நான்கு பொருள்கள் வேண்டும்: பால்போல் வெளுத்த ஒரு பசு, இரத்தச் சிவப்பில் ஒரு மேலங்கி, சோளக்கதிர் நிறத்தில் தலைமுடி, பொன்னாலான ஒரு காலணி. மூன்று நாளுக்குள் இவை கிடைத்தாக வேண்டும். பசு ஜாக்கிடம் இருக்கிறது, மேலங்கி சிவப்பு மேலங்கிச் சிறுமியிடம் இருக்கிறது. முடி கோபுரத்தில் அடைபட்ட ராபுன்செல்லுடையது, காலணி சிண்ட்ரெல்லாவுடையது. தம்பதியர் பொய் சொல்லியும் பறித்தும் பண்டமாற்று செய்தும் நான்கையும் சேர்க்கிறார்கள். சூனியக்காரி இளமையையும் அழகையும் திரும்பப் பெறுகிறாள், ஆனால் மந்திர சக்தியை இழக்கிறாள். ரொட்டிக்கடைக்காரருக்குக் குழந்தை பிறக்கிறது. சிண்ட்ரெல்லா இளவரசனை மணக்கிறாள். ஜாக் அவரைக்கொடியில் ஏறிக் கொண்டுவந்த பொன்னால் அவன் தாயின் வறுமை தீர்கிறது.

திருமணக் கொண்டாட்டத்தின்போதே பூமி அதிர்கிறது. ஜாக் கொடியை வெட்டியபோது விழுந்து இறந்த ராட்சதனின் மனைவி, இன்னொரு கொடி வழியாக இறங்கி வந்திருக்கிறாள். தன் கணவனைக் கொன்ற சிறுவனை ஒப்படைக்கும்படி கேட்கிறாள். மகனுக்காக வாதாடிய ஜாக்கின் தாய், அரண்மனைப் பணியாளன் தள்ளிவிட்டதில் இறக்கிறாள். ரொட்டிக்கடைக்காரரின் மனைவி, காட்டில் தனியே சந்தித்த சிண்ட்ரெல்லாவின் இளவரசனோடு ஒரு கணம் தடுமாறுகிறாள். சிறிது நேரத்தில் மலை விளிம்பிலிருந்து விழுந்து இறந்துபோகிறாள். மிஞ்சியவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்கிறார்கள். சூனியக்காரி அவர்களை வெறுத்து, எஞ்சிய விதைகளை வீசிவிட்டு மறைகிறாள். அவள் நின்ற இடம் தார்க்குழியாகிறது. ரொட்டிக்கடைக்காரர், சிண்ட்ரெல்லா, ஜாக், சிறுமி ஆகிய நால்வரும் ராட்சசியை அந்தக் குழிக்கு இழுத்துவந்து கொல்கிறார்கள். இறுதியில் ரொட்டிக்கடைக்காரர் தன் கைக்குழந்தைக்குக் கதை சொல்லத் தொடங்குகிறார். அது படத்தின் தொடக்கத்தில் நாம் கேட்ட அதே கதை.

மூலக்கதைகளும் படமும்

இக்கதைகளுக்குப் பல பழைய வடிவங்கள் உண்டு. பிரான்சில் சார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட தொகுப்பில் சிண்ட்ரெல்லாவும் சிவப்பு மேலங்கிச் சிறுமியும் இருக்கின்றன. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தங்கள் தொகுப்பின் முதல் பாகத்தை 1812-இலும் இரண்டாம் பாகத்தை 1815-இலும் வெளியிட்டனர். ஜாக்கின் கதை இங்கிலாந்தைச் சேர்ந்தது. அதன் புகழ்பெற்ற வடிவம் ஜோசப் ஜேக்கப்ஸ் 1890-இல் வெளியிட்ட ஆங்கிலத் தேவதைக் கதைகள் நூலில் உள்ளது.

பெரோவின் சிண்ட்ரெல்லாவில் தேவதைத் தாயும் பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிக் காலணியும் உண்டு. 1950-இல் டிஸ்னி எடுத்த கேலிச்சித்திரப் படம் இதையே பின்பற்றியது. நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த சிண்ட்ரெல்லா இவள்தான். கிரிம் சகோதரர்களின் கதையில் தேவதை இல்லை. தாயின் கல்லறையில் வளர்ந்த மரமும் பறவைகளும்தான் அவளுக்கு உதவுகின்றன. காலணி பொன்னால் ஆனது. மூன்றாம் இரவில் இளவரசன் அரண்மனைப் படிகளில் கீல் பூசி வைக்கிறான். காலணி பொருந்துவதற்காக மாற்றாந்தாயின் மகள்கள் கால்விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் பறவைகள் அவர்கள் கண்களைக் கொத்திவிடுகின்றன.

'இன்டு தி உட்ஸ்' இந்த இரண்டாவது வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. விரல் வெட்டுவதும் கண் பறிபோவதும் படத்தில் உண்டு, கொடூரம் கண்ணில் படாதபடி காட்டப்பட்டாலும். ராபுன்செல்லின் காதலன் முட்புதரில் விழுந்து பார்வை இழப்பதும் அவளுடைய கண்ணீரால் அதைத் திரும்பப் பெறுவதும் கிரிம் கதையில் உள்ளபடியே வருகின்றன. பழைய கதைகளின் கூர்மையை மழுக்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்த நிறுவனம் என்று டிஸ்னியைப் பலரும் குறை கூறுவதுண்டு. அதே நிறுவனம் 64 ஆண்டுகள் கழித்துப் பழைய கூர்மையைக் கொஞ்சம் திருப்பித் தந்தது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

கதைகள் பின்னப்பட்ட விதம்

நான்கு கதைகளை அடுத்தடுத்து வைத்தால் அது தொகுப்பு. ஒன்றின் செயல் இன்னொன்றின் விளைவாக மாறும்போதுதான் அது ஒரே கதையாகிறது. இப்படத்தின் பெரிய பலம் இந்தப் பின்னல்.

ஜாக்கிடம் பசுவுக்கு ஈடாக விதைகளைக் கொடுத்தவர் மூலக்கதையில் பெயரில்லாத ஒரு வழிப்போக்கர். இங்கே அவர் ரொட்டிக்கடைக்காரர். விதைகளுக்கு மந்திர சக்தி உண்டென்று தெரியாமலே, உண்டு என்று சொல்லிச் சிறுவனை ஏமாற்றுகிறார்கள் கணவனும் மனைவியும். சொன்ன பொய் உண்மையாகிவிடுகிறது. சிறுமியை ஓநாயின் வயிற்றிலிருந்து மீட்பவர் கிரிம் கதையில் ஒரு வேட்டைக்காரர். இங்கே அதுவும் ரொட்டிக்கடைக்காரரே. நன்றிக்கடனாகத்தான் சிறுமி மேலங்கியைத் தருகிறாள். ராபுன்செல் அவருடைய உடன்பிறந்த தங்கை. ஆனால் இருவரும் ஒருமுறைகூட அண்ணன் தங்கையாகச் சந்தித்துக்கொள்வதில்லை. அவளுடைய முடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுபவள் அவளுடைய சொந்த அண்ணி.

இந்தப் பின்னலின் பயன் பிற்பகுதியில் தெரிகிறது. ராட்சசி வந்தது யாருடைய குற்றம் என்று ஐவரும் சண்டையிடும் பாடல் ஒன்று உண்டு. விதையை ஜாக்கிடம் கொடுத்தது ரொட்டிக்கடைக்காரர். விதை அவர் கைக்கு வந்தது தந்தையின் திருட்டால். ஜாக் மீண்டும் மேலேறியது சிறுமி அவனைச் சீண்டியதால். இரண்டாவது கொடி முளைத்தது, தன்னிடம் கொடுக்க வந்த விதையைச் சிண்ட்ரெல்லா மதிக்காமல் வீசியதால். இவற்றுக்கெல்லாம் முன்னால், அந்த விதைகளை வளர்த்தவள் சூனியக்காரி. சங்கிலியின் எந்தக் கண்ணியைப் பிடித்தாலும் அது அடுத்த கண்ணிக்கு இழுத்துச் செல்கிறது.

ஒரு வகுப்பில் கண்ணாடி உடைந்தால் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். பந்தை எறிந்தவன், எறியச் சொன்னவன், பந்தைக் கொண்டுவந்தவன், பிடிக்காமல் விட்டவன் என்று விரல்கள் சுற்றிச் சுற்றி நீளும். அத்தனையும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் கண்ணாடி உடைந்தது உடைந்ததுதான். அந்த அனுபவத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் பாடலை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இசையும் நடிப்பும்

சோண்ட்ஹைமின் பாடல்கள் கதையை நிறுத்திவைத்துப் பாடப்படுபவை அல்ல. கதை நகர்வதே பாடலுக்குள்தான். படத்தின் முதல் கால் மணி நேரம் ஏறத்தாழ ஒரே நீண்ட பாடல். அதற்குள் எல்லா மாந்தரும் அறிமுகமாகி, தத்தம் ஆசையைச் சொல்லி, காட்டுக்குள் போகப் புறப்பட்டுவிடுகிறார்கள். மந்திர விதைகளுக்கென்று ஐந்து சுரங்கள் கொண்ட சிறு இசைத்துணுக்கு ஒன்று இருக்கிறது. அது வெவ்வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. விதை எங்கெல்லாம் முளைக்கிறது என்பதைக் காதால் தொடரலாம்.

அரண்மனைப் படியில் சிண்ட்ரெல்லா நின்று யோசிக்கும் பாடல், மேடையில் நடந்துமுடிந்ததைச் சொல்வதாக அமைந்தது. படத்தில் அது அந்தக் கணத்திலேயே நடக்கிறது. காலம் உறைந்து நிற்க, அவள் மட்டும் தனக்குள் வாதாடுகிறாள். ஓடுவதா, நிற்பதா? முடிவெடுக்காமல் இருப்பதே முடிவு என்று ஒரு காலணியை வேண்டுமென்றே விட்டுச் செல்கிறாள். காலணி தவறி விழுந்தது என்றுதான் நாம் காலங்காலமாகப் படித்திருக்கிறோம். சினிமாவால் மட்டுமே செய்யக்கூடிய நல்ல மாற்றம் இது. ஆனா கென்ட்ரிக் இக்காட்சியில் தயக்கத்தையும் தந்திரத்தையும் ஒருசேரக் காட்டுகிறார்.

சூனியக்காரியாக மெரில் ஸ்ட்ரீப் நடித்தார். இந்த வேடத்துக்காக அவருக்குச் சிறந்த துணை நடிகை ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அது அவருடைய 19-ஆவது ஆஸ்கர் பரிந்துரை. ஆடை வடிவமைப்பு, தயாரிப்பு வடிவமைப்பு ஆகியவற்றுக்கும் படம் பரிந்துரைக்கப்பட்டது. ஸ்ட்ரீப்பின் சூனியக்காரி தீயவள் அல்ல, பயந்துபோன தாய். உலகம் கெட்டது என்று மகளைக் கோபுரத்தில் பூட்டிவைக்கிறாள். பூட்டியதாலேயே மகளை இழக்கிறாள். ரொட்டிக்கடைக்காரரின் மனைவியாக வரும் எமிலி பிளன்ட்டே படத்தின் உயிர். கணவனைவிடக் கூர்மையான, ஆசையும் அச்சமும் நகைச்சுவையும் கலந்த ஒரு சாதாரணப் பெண்ணை அவர் கண்முன் நிறுத்துகிறார். ஜேம்ஸ் கார்டன் பொருத்தமான கணவர். கிறிஸ் பைனும் பில்லி மேக்னசெனும் அருவியில் நின்று சட்டையைக் கிழித்துக்கொண்டு காதல் வேதனையில் போட்டிபோடும் பாடல் படத்தின் சிறந்த நகைச்சுவைக் காட்சி. ஓநாயாக வரும் ஜானி டெப் சில நிமிடங்களே இருக்கிறார். அவருடைய ஓநாய் மேடை ஓநாயைவிட அடக்கமானது.

ஏறத்தாழ 5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலக அளவில் 21 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இசை நாடகத்திலிருந்து வந்த படத்துக்கு இது நல்ல வெற்றி.

விடுபட்டவை

2014 ஜூன் மாதத்தில், பள்ளி நாடக ஆசிரியர்களுடன் சோண்ட்ஹைம் நடத்திய உரையாடல் ஒன்று செய்தியானது. சில பகுதிகளை டிஸ்னி நிறுவனம் மாற்ற விரும்பியதாக அதில் அவர் குறிப்பிட்டார். ரசிகர்களிடையே சலசலப்பு எழுந்தது. பிறகு, படம் நாடகத்துக்கு நேர்மையான வடிவமாகவே வந்திருக்கிறது என்று அவரே விளக்கமும் தந்தார். திரைக்கதை எழுதியவர் நாடகத்தை எழுதிய லபைனே என்பதால் மாற்றங்களை வெளியார் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மாற்றங்களின் விளைவைப் பேசலாம். மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ராபுன்செல். நாடகத்தில் அவள் ராட்சசியின் காலடியில் நசுங்கி இறக்கிறாள். அதைப் பார்த்து நிற்கும் சூனியக்காரி, பிள்ளைகள் சொல்பேச்சுக் கேட்பதில்லை என்று புலம்பிப் பாடுகிறாள். படத்தில் ராபுன்செல் இளவரசனோடு குதிரையேறிப் போய்விடுகிறாள். புலம்பல் பாடல் மட்டும் அப்படியே இருக்கிறது. மகள் கல்யாணம் செய்துகொண்டு போனதற்கும் மகள் இறந்ததற்கும் ஒரே ஒப்பாரியா? ஸ்ட்ரீப் எவ்வளவு உருகிப் பாடினாலும் அந்தப் பாடலுக்கு அடியில் நிலம் இல்லை. பிற்பாடு அவளுக்கு மற்றவர்கள்மேல் வரும் வெறுப்புக்கும் போதிய காரணம் இல்லாமல் போகிறது.

இரண்டாவது, கதைசொல்லி. நாடகத்தில் கோட்டு அணிந்த கதைசொல்லி ஒருவர் ஓரமாக நின்று கதை சொல்வார். இரண்டாம் பகுதியில் மாந்தர்கள் அவரையே பிடித்து ராட்சசியிடம் கொடுத்துவிடுவார்கள். இனி என்ன நடக்கும் என்று சொல்ல யாருமில்லை. கதை மாந்தர்கள் தங்கள் முடிவைத் தாங்களே எடுக்க வேண்டும். படத்தில் ரொட்டிக்கடைக்காரரின் குரலே கதையைச் சொல்கிறது. கடைசிக் காட்சியில் அதற்கான காரணம் தெரியும்போது நெஞ்சு நெகிழ்கிறது என்பது உண்மை. ஆனால் கதையின் பாதுகாப்பு வேலி உடையும் அதிர்ச்சி இல்லாமல் போயிற்று.

மூன்றாவது, தந்தையும் மகனும். மனைவியை இழந்த ரொட்டிக்கடைக்காரர் குழந்தையை விட்டுவிட்டு ஓடுகிறார். அவருடைய தந்தையும் ஒருகாலத்தில் அப்படித்தான் ஓடினார். நாடகத்தில் இருவரும் சந்தித்துப் பாடும் பாடல், ஓடுவதால் எதிலிருந்தும் தப்ப முடியாது என்பதை மெல்ல உணர்த்தும். படத்தில் அப்பாடல் இல்லை, அதன் மெட்டு மட்டும் பின்னணியில் ஒலிக்கிறது. சுருக்கமான உரையாடலோடு அவர் திரும்பிவிடுகிறார். ஓடிப்போன ஒரு தகப்பன் திரும்பி வருவது இக்கதையின் மையம். அந்த மனமாற்றத்துக்கு இன்னும் சில நிமிடம் கொடுத்திருக்கலாம்.

இடைவேளை இல்லாததும் ஒரு குறையே. மேடையில் பார்வையாளர் வெளியே போய், தேநீர் குடித்து, கதை நல்லபடி முடிந்ததென்று நம்பித் திரும்பி வருவார். படத்தில் அந்த நம்பிக்கை ஊன்ற நேரமில்லை. அதனால் பிற்பகுதியை ஒரு நீண்ட வால் என்று எண்ணிச் சலிப்பவர்களும் இருக்கிறார்கள். சலிப்பு அவர்களுடைய தவறன்று.

ராட்சசியின் வழக்கு

பல ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் ஜாக்கின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொடியை வெட்டியாயிற்று, ராட்சதன் விழுந்தான், ஜாக்கும் அம்மாவும் சுகமாக இருந்தார்கள் என்று முடித்தேன். பின்வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், அந்த ராட்சசனோட பொண்டாட்டி என்ன ஆனாங்க? அவங்கதான ஜாக்குக்குச் சோறு போட்டாங்க?" என்றான். வகுப்பு சிரித்தது. "அது கதைடா, உட்காரு" என்று நானும் சொல்லிவிட்டேன். மணி அடித்தது. இந்தப் படத்தைப் பார்த்த இரவு அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது.

அவன் கேட்டது சரியான கேள்வி. ஜேக்கப்ஸ் வெளியிட்ட கதையில் ராட்சதனின் மனைவி ஜாக்குக்கு உணவு தருகிறாள், கணவன் வரும்போது அவனை அடுப்புக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறாள். ஜாக் செய்தது திருட்டு. ஒருமுறை அல்ல, மூன்று முறை. இந்தச் சங்கடம் பழைய பதிப்பாளர்களுக்கும் இருந்திருக்கிறது. 1807-இல் லண்டனில் பெஞ்சமின் டாபர்ட் வெளியிட்ட வடிவத்தில் ஒரு தேவதை வந்து, அந்த ராட்சதன் உன் தந்தையைக் கொன்று சொத்தைப் பறித்தவன் என்று ஜாக்கிடம் சொல்கிறாள். திருட்டு அப்போது நியாயமாகிவிடுகிறது. ஜேக்கப்ஸ் அந்தத் தேவதையைத் தன் கதையில் சேர்க்கவில்லை.

'இன்டு தி உட்ஸ்' படத்திலும் அந்தத் தேவதை இல்லை. மேலேபோய் வந்த ஜாக், தன்னை அன்போடு நடத்திய பெரிய பெண்மணியைப் பற்றிப் பாடவும் செய்கிறான். பிறகு அதே பெண்மணி கீழே வந்து, சோறு போட்ட வீட்டில் திருடினான், என் கணவனைக் கொன்றான், அவனை எனக்குத் தாருங்கள் என்று கேட்கிறாள். பிரான்சிஸ் டி லா டூர் இந்த வேடத்தில் கோபத்தோடு துக்கத்தையும் குரலில் கொண்டுவருகிறார். என் மாணவன் கேட்ட கேள்வியைக் கேட்கும் துணிவு இப்படத்துக்கு இருக்கிறது. அதற்காக நான் இதை மதிக்கிறேன்.

ஆனால் கேட்ட பிறகு படம் என்ன செய்கிறது? நால்வரும் திட்டமிட்டு அந்த விதவையைக் கொல்கிறார்கள். யாருமே தனியாக இல்லை, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்ற பொருளில் ஓர் அருமையான ஆறுதல் பாடல் அதற்குச் சற்று முன்பு வருகிறது. எதிர்த்தரப்பில் இருப்பவர்களுக்கும் துணைக்கு யாரோ உண்டு என்பதையும் அப்பாடல் தொட்டுச் செல்கிறது. ராட்சசிக்கு யார் இருக்கிறார்கள்? அவளிடம் பேசிப்பார்க்க யாரும் முயல்வதில்லை. ஜாக் மன்னிப்புக் கேட்பதில்லை. எடுத்த பொன்னையும் யாழையும் திருப்பித் தருவதாக ஒரு சொல் இல்லை.

இதற்கு ஒரு பதில் உண்டு. அவள் வழியிலிருந்த வீடுகளை மிதித்து அழித்துவிட்டாள், பழிவாங்கல் நியாயத்தைத் தாண்டிவிட்டது, ஒரு சிறுவனைச் சாவுக்குக் கொடுக்கவும் முடியாது. உண்மைதான். மேடை நாடகத்திலும் அவள் கொல்லப்படவே செய்கிறாள். நாடகம் வந்த 1980-களில், எங்கிருந்தோ வந்து எல்லோரையும் அழிக்கும் அந்த உருவத்தை எய்ட்ஸ் நோயின் குறியீடாகப் பலர் வாசித்தனர். நோயோடு சமரசம் பேச முடியாது. ஆனால் படத்தில் அவள் நோய் அல்லள், வாயைத் திறந்து பேசும் ஒருத்தி. பேசுபவளைக் கொல்ல நேர்ந்தால், கொன்றவர்களின் முகத்தில் அந்தச் சுமையை ஒரு கணமாவது காட்டியிருக்க வேண்டும். மேடையில் அந்தச் சுமையைத் தாங்கப் பல இறப்புகள் உதவின. அவற்றில் சிலவற்றைக் குறைத்துக்கொண்ட படத்தில் கொலை ஒரு சாகசக் காட்சியாகவே முடிந்துவிடுகிறது.

மனைவியின் மரணம்

ரொட்டிக்கடைக்காரரின் மனைவி இளவரசனோடு தடுமாறியவுடன் இறந்துபோவது பலருக்கு உறுத்தலாக இருக்கிறது. தவறு செய்த பெண்ணுக்குத் தண்டனை, தவறு செய்த ஆணுக்கு ஒன்றுமில்லை என்று இதைப் படிக்கலாம். இளவரசன் வருந்துவதுகூட இல்லை. வளர்ந்த விதத்தைக் காரணம் காட்டிவிட்டுச் சிண்ட்ரெல்லாவைப் பிரிகிறான்.

எனினும் இறப்பதற்கு முன் அவள் பாடும் பாடலைக் கவனிக்க வேண்டும். அவள் குற்ற உணர்வில் கரைவதில்லை. நடந்ததை எடைபோட்டு, தனக்கு வேண்டியது தன் வீடும் கணவனும் குழந்தையும்தான் என்று தெளிந்து, திரும்பிப்போகத் தொடங்குகிறாள். அப்போதுதான் நிலம் அதிர்கிறது. அவள் தண்டிக்கப்படவில்லை. தெளிவு வந்த நேரத்தில் விபத்தில் இறந்தாள், அவ்வளவே. பழைய தேவதைக் கதைகளில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு நீதி இருக்கும். இந்தச் சாவுக்கு எந்த நீதியும் இல்லை. படம் முழுவதிலும் தேவதைக் கதையின் எல்லையை உண்மையாகவே கடக்கும் இடம் இதுதான் என்பேன். எமிலி பிளன்ட்டின் நடிப்பு இல்லாவிட்டால் இந்த வேறுபாடு புலப்படாமலே போயிருக்கும்.

மதிப்பீடு

ஆசைப்படுவதைப் பற்றிய படம் இது. முதல் சொல்லே ஆசையைச் சொல்வது. ஆசைப்படுவது தவறு என்று படம் சொல்லவில்லை. ஆசை நிறைவேறும் வழியில் யாரிடமிருந்து எதைப் பறித்தோம் என்பதைத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு நாம் சொல்வதை அவர்கள் கேட்கிறார்களோ இல்லையோ, நாம் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எச்சரிக்கையோடு அது முடிகிறது. கதை சொல்லும் தாய் தந்தையர், ஆசிரியர் எல்லோருக்கும் உரிய எச்சரிக்கை அது.

கதைப் பின்னல், இசை, மெரில் ஸ்ட்ரீப், எமிலி பிளன்ட் ஆகியோரின் நடிப்பு, படிக்கட்டுக் காட்சி ஆகியவை இப்படத்தின் நிலையான சிறப்புகள். ராபுன்செல்லின் இறப்பை நீக்கியதும் தந்தை மகன் பாடலை விட்டதும் ராட்சசியின் மரணத்தை எளிதாக்கியதும் குறைகள். குறைகள் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. குழந்தைகள் தாங்கமாட்டார்கள் என்ற பயம் அது. சிறுவர் பதிப்பில் இரண்டாம் பகுதியையே வெட்டியதும் அதே பயம்தான். குழந்தைகள் தாங்குவார்கள். என் வகுப்பில் எழுந்து நின்ற அந்தப் பையன் தாங்கத் தயாராகத்தான் இருந்தான். உட்காரச் சொன்னது நான்.

மாணவர்கள் இப்படத்தைப் பார்ப்பதற்கு முன் நான்கு மூலக்கதைகளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. பார்த்த பிறகு, ராட்சசியின் இடத்தில் நின்று அதே கதையை ஒரு பக்கத்துக்கு எழுதிப்பார்க்கலாம். படம் முழுமையாகச் சொல்லாத விடை அங்கே கிடைக்கக்கூடும்.